ஒன்பதாம் வரி

சவூதியிலிருந்து மாமா கொண்டுவந்த கம்ப்யூட்டரைத் தொட எங்கள் வளவுப் பிள்ளைகளில் எனக்கு மட்டும்தான் அனுமதி. வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மாமாகூட அங்கே ஒரு கம்பனிக் கந்தோரில் தேநீர் ஊற்றப் போய், எழுத்தையும் கம்ப்யூட்டரையும் பார்த்துப் பார்த்துப் பழகியவர்தான்.

"கட்டளை பிழைச்சா இனி இந்தப் பக்கம் வரப்படா" என்று முதல்நாளே சொல்லிவிட்டார்.

கறுப்புத் திரையில் ஒரு நட்சத்திரக் குறி மட்டும் நிற்கும். அதன் பக்கத்தில் வரி எண்ணையும் ஓர் எழுத்தையும் தட்ட வேண்டும். எல் என்றால் காட்டும், டி என்றால் அழிக்கும். ஒன்று, இருபது, எல் என்று தட்டினால் முதல் இருபது வரிகளும் வந்து நிற்கும். எண்களுக்கு நடுவே காற்புள்ளி போட மறந்து இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். சோறு தின்னும்போதும் விரல் பாயில் தட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு மூத்த ராத்தாவின் கலியாணம் வந்தது. யார் யார் வீட்டுக்குச் சொல்வதென்று மாமா கம்ப்யூட்டரில் பட்டியல் போட்டு வாசிக்க, எழுத்தறியாத வாப்பா கேட்டிருந்து இரண்டு வீட்டை வெட்டச் சொன்னார். நான்காவது, அறுப்பு நேரத்தில் கைவிட்ட டிராக்டர்காரர். ஒன்பதாவது, வாப்பாவின் சொந்தக் காக்கா, என் பெரியவாப்பா. வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் இரண்டு போகமாக அவர்களுக்குள் கதைபேச்சு இல்லை.

வாப்பா எழும்பிப் போனதும், வெட்டும் வேலையை மாமா எனக்குத் தந்தார். நான்கை அழித்தேன். பிறகு ஒன்பதை அழித்தேன். எல் தட்டிப் பார்த்தால், பத்தாவதாக இருந்த தையல்காரரைக் காணவில்லை. பெரியவாப்பா எட்டில் இருந்தார்.

மாமா குனிந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"மச்சான்ட காக்கா எட்டில ஏறிக் குந்திட்டாரு. இருக்கட்டும் உடு. தையல்காரரை மட்டும் திரும்பப் போடுவம். மெசின் உட்ட பிழையெண்டு சொல்லிக்கலாம்."

"இல்ல மாமா, நான் உட்ட பிழை. திரும்பச் செய்றன்."

"நான் ஒண்டும் ஏச மாட்டன்டா."

"ஏசாட்டியும் பிழை பிழைதானே?"

சேமிக்காமல் வெளியே வந்து முதலிலிருந்து தொடங்கினேன். பள்ளிவாசலில் தொழுகை வரிசையில் ஒருவர் விலகினால் அடுத்தவர் நெருங்கி நிற்பது நினைவுக்கு வந்தது. மேலே ஒரு வரி போனால் கீழுள்ளவையெல்லாம் ஒவ்வோர் எண் முன்னுக்கு வரும். ஆகவே கீழிருந்து வெட்ட வேண்டும். முதலில் ஒன்பது, பிறகு நான்கு. சரியாக வந்தது.

"கெட்டிக்காரன்தான்" என்றார் மாமா. குரலில் சந்தோசம் இல்லை. பொறாமையாக்கும் என்று நினைத்தேன். அச்சடித்த தாளை அவர் மடிக்கப்போக, பறித்துக்கொண்டு ஓடி வாப்பாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன்.

"பெரியவாப்பாட பேர் இல்லயா?"

"இல்ல வாப்பா. நானே வெட்டினன்."

"ம்" என்று வாசல் படலைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கலியாணச் சாப்பாட்டுக்குப் பந்தலில் பாய்கள் விரித்து வரிசையாக இருந்தார்கள். வாப்பா தன் வலப்பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டிருந்தார். நெருங்கி வந்த தையல்காரரையும் கையால் மறித்தார். சோறு வந்த பிறகும் அந்த இடம் வெறுமையாகவே கிடந்தது. வாப்பா படலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவெளி இருந்தால் நெருங்க வேண்டும், அதுதானே ஒழுங்கு. நான் போய் அதில் குந்திக்கொண்டு இறைச்சி கேட்டேன்.