நேரலையில் எங்கள் டாக்டர்

செங்கோட்டையில் நோயாளிகளைப் பார்த்துவிட்டுத் தென்காசிக்கு வரவேண்டிய நரம்பு டாக்டருக்காக, பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துபோன அம்மாவோடு கிளினிக்கில் காத்திருந்தேன். வரவேற்பில் இருந்த பெண் மத்தியானத்திலிருந்து ஒரே பதிலைத்தான் சொன்னாள்: “குத்தாலத்துல சீசன் கூட்டம்லா, காரு மாட்டிக்கிட்டாம். வந்துக்கிட்டே இருக்காவ.”

சுவரில் டிவி அலறியது. மருத்துவச் சீர்திருத்தம் பற்றிய விவாதம். ஒருவரும் பார்க்கவில்லை. இந்தக் கூச்சலால் எந்த ஆஸ்பத்திரியிலும் ஒரு கட்டில்கூடக் கூடியதில்லை என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

திடீரென்று அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். டாக்டர் உள்ளே வந்தால் எல்லாரும் எழுந்து நிற்பது அங்கே வழக்கம். அவர் கையமர்த்தி உட்காரச் சொல்வார். வாசலைப் பார்த்தேன், ஆளில்லை. அம்மா பார்த்தது டிவியை. சென்னை ஸ்டுடியோவில் கட்சிக்காரர்கள் நடுவே எங்கள் டாக்டர் உட்கார்ந்திருந்தார். மூலையில் ‘நேரலை’ என்று போட்டிருந்தது.

“சின்ன ஊர்களில் நோயாளிகள் காத்திருந்தே சாகிறார்கள்!” என்று மேசையைத் தட்டினார்.

பக்கத்திலிருந்த அண்ணாச்சி காலால் செருப்பைத் தேடினார். “சொல்லுதது சரிதான். வாங்க, வீட்டுல போயிச் சாவோம்.”

ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். டாக்டர் உட்காரச் சொல்லட்டும் என்று அம்மா மட்டும் நின்றுகொண்டே இருந்தாள்.