அக்காவிடம் கேட்காமல் எழுதிய பாட்டு

நானே எழுதி வெளியிட்ட புதிய ஆல்பத்தில் ஒரு பாட்டு, நிச்சயமான பிறகு கல்யாணம் நின்றுபோன பெண்ணைப் பற்றியது. அது என் அக்காவின் கதை. எழுதும்போது அவளிடம் நான் கேட்கவில்லை.

அதைப் பாடுவதற்குச் சென்னையிலிருந்து ஒரு பாடகியை அழைத்திருந்தேன். தில்லைநகர் ஸ்டுடியோவில் அவர் முதலில் பாடியது ஒட்டவில்லை. டீ குடிக்க வெளியே வந்தபோது, முகூர்த்தப் புடவையைத் திருப்பிக் கொடுக்க அக்கா தனியாகக் கடைக்குப் போனது உட்பட எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். உள்ளே போய் ஒரே தடவையில் பாடி முடித்தார். வயலின் வாசிக்க வந்திருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போது எனக்குச் சந்தோஷம் மட்டும்தான் இருந்தது.

ஸ்ரீரங்கத்தில் நடந்த வெளியீட்டுக்கு அக்கா ஆபீஸிலிருந்து நேராக வந்தாள். அந்தப் பாட்டு முடிந்ததும் எல்லோரையும் போலக் கைதட்டினாள். திரும்பும் வழியில், காவிரிப் பாலத்தில், என் பைக்கின் பின்னாலிருந்து பேசினாள்.

“நல்லா இருந்துச்சுடா. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“தப்புதான்க்கா. அந்தப் பாட்ட எடுத்துடறேன்.”

“வேணாம், இருக்கட்டும். பாடின பொண்ணுக்கு இது யார் கதைன்னு தெரியுமா?”

“தெரியாதுக்கா.”

“அதுவரைக்கும் நல்லது. ரொம்ப நல்லா பாடினாங்கன்னு சொல்லு.”

மறுநாள் பாடகிக்குப் போன் செய்து அக்காவின் பாராட்டைச் சொன்னேன். எங்கேயாவது அவளைப் பார்த்தால் எதுவும் தெரியாததுபோல நடந்துகொள்ளும்படியும் கேட்டுக்கொண்டேன். “சரிங்க” என்றார் அவர்.