பாலத்துக்கு அந்தப் பக்கத்து ரேடார்

கனடாவின் கிழக்குக் கரையில், பீவர் ஹார்பரில் கார்னெட் மாவின்னியின் கடைக்கு ஆள் வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வந்தார்கள். ரேடார் திரையைத் தட்டிப் பார்த்தார்கள். ஆழமானியின் பொத்தான்களை அமுக்கிப் பார்த்தார்கள். எந்தக் கருவி எந்தப் படகுக்குச் சரிவரும் என்று அரைமணி நேரம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அவன் போட்டுக்கொடுத்த காப்பியையும் குடித்தார்கள். பிறகு "வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்" என்று கிளம்பி, வண்டியை நேராக எல்லைப் பாலத்துக்கு விட்டு, அமெரிக்கப் பக்கம் மேய்னில் அதே கருவியை வாங்கிவந்தார்கள். வாங்கிவந்ததைப் படகில் மாட்டிக்கொடுக்க மட்டும் மறுபடி கார்னெட் வேண்டும்.

முதல் வருடம் மாட்டித் தரமாட்டேன் என்றான். அடுத்த வருடம் மாட்டினான். அந்தக் கூலியில்தான் கடையில் விளக்கு எரிந்தது.

பதினெட்டு வயதில் செயின்ட் ஜானுக்குப் போய் ரேடியோ மெக்கானிக் வேலை படித்துவிட்டு வந்து, துறைமுகத்துக்கு எதிரே பழைய வலைக்கொட்டகையை வாங்கிக் கடை வைத்தவன் அவன். எப்போதும் லேசாகச் சிரிப்பது போன்ற முகம். அதனால் அவனுக்கு வருத்தம் என்று ஒன்று இருப்பதே ஊருக்குத் தெரியவில்லை. மனைவி நோரீன் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். பிள்ளைகள் வேலை தேடி மேற்கே ஆல்பர்ட்டா மாகாணத்துக்குப் போனவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் நோரீனின் அண்ணன் வெல்டன் கடைக்கு வந்தான். சிங்கி இறால் பிடிக்கிறவன். உட்காரவில்லை, நின்றபடியே பேசினான்.

"மச்சான், சுத்தி வளைக்காம சொல்லிடறேன். என் ரேடார் செத்துப்போச்சு. நவம்பர்ல கடல்ல இறால் கூண்டு இறக்கணும். உங்கிட்டதான் வாங்கணும்னு நோரீன் உத்தரவு போட்டிருக்கா. ஆனா நீயே இதைப் பாரு." செல்போனை நீட்டினான். மேய்ன் கடையின் விலை.

"இது அமெரிக்க டாலர்ல."

"மாத்திப் பாத்துட்டேன். அப்பவும் உன் விலைக்கு ஆயிரத்துக்கு மேல குறையுது. தங்கச்சி புருஷனாச்சேன்னு நூறு எரநூறு கூடக் குடுக்கலாம். ஆயிரம் குடுக்க நான் என்ன தர்ம சத்திரமா நடத்தறேன்?"

"கெட்டுப்போனா கேரண்டிக்கு யார்கிட்ட போவ?"

"கெட்டுப்போறதுக்கா வாங்கறோம்?"

கார்னெட் திரையைத் துடைப்பது போல ஒரு துணியை எடுத்தான். "ஒரு வாரம் குடு. அந்த விலைக்கே தரமுடியுமான்னு பாக்கறேன்."

ரேடார் கம்பெனியின் ஹாலிஃபாக்ஸ் அலுவலகத்தில் ஜானிஸ் என்று ஒரு பெண் இருந்தாள். அவனுக்குச் சரக்கு அனுப்புகிறவள், நல்லவள். போனில் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அமெரிக்காவுக்கு ஒரு விலை, கனடாவுக்கு ஒரு விலை. நான் போட்ட விலை இல்ல கார்னெட். என் கையில எதுவுமில்ல."

அன்றுதான் கார்னெட் ஒரு கணக்கைப் பார்த்தான். கம்பெனி அவனுக்கு எந்த விலைக்குக் கொடுக்கிறதோ, அதைவிடக் குறைவாக அந்தப் பக்கத்துக் கடை, தெருவில் போகிறவனுக்கு விற்றுக்கொண்டிருந்தது. லாபமே வேண்டாம் என்று அவன் விற்றாலும் அந்த விலை வராது.

இரவுச் சாப்பாட்டில் நோரீன் உருளைக்கிழங்கை மசித்தபடியே கேட்டாள். "வெல்டன் வந்தானா?"

"வந்தான்."

"அவனுக்கு எப்படியாவது முடிச்சுக் குடுத்துடு. என் கூடப்பிறந்தவனே பாலம் தாண்டிப் போனா, ஊர்க்காரன் என்ன நினைப்பான்?"

அவள் மனதில் எதுவும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தை அவனைத் தைத்துவிட்டது. மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு, சாமான் எடுக்க செயின்ட் ஜான் போவதாகச் சொல்லி, கார்னெட் எதிர்த்திசையில் பாலத்துக்குப் போனான்.

அந்தக் கடை பெரிதாக இருந்தது. கவுன்ட்டரில் நின்றவனுக்கு அவனை யாரென்று தெரியாது. "மொதல் தடவையா ரேடார் வாங்கறீங்களா சார்?" என்று கேட்டான். ஆமாம் என்று தலையாட்டினான் கார்னெட். அந்த நேரம் பார்த்து பக்கத்து ஊர் பிளாக்ஸ் ஹார்பர்காரர் ஒருவர், கார்னெட்டிடமே பத்து வருடம் சாமான் வாங்கியவர், வாசலில் நுழைந்தார். கார்னெட் சட்டென்று உயிர்காப்புச் சட்டைகள் தொங்குகிற வரிசைக்குள் நுழைந்து, அவர் போகும்வரை ஒவ்வொரு சட்டையாக அளவு பார்த்துக்கொண்டு நின்றான். அவரும் ரேடார்தான் வாங்கினார். ஒளிந்தது யாருடைய வெட்கத்துக்காக என்று அவனுக்கே விளங்கவில்லை.

வெல்டனுக்கான ரேடாரை வாங்கிக்கொண்டு திரும்பும்போது சுங்கச் சாவடிப் பெண் கேட்டாள். "சொந்த உபயோகத்துக்கா?"

"ஆமா," என்றான். வரியைக் கட்டிவிட்டு வந்தான். அந்த ஒரு சொல் பொய் என்பதைத் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காகவே செய்தான்.

வெல்டனிடம் கம்பெனியே சலுகை கொடுத்ததாகச் சொன்னான். கைக்காசு கொஞ்சம் போனது, கூலியும் வாங்கவில்லை. போனால் போகிறது, சொந்தக்காரன் கைவிட்டுப் போகவில்லையே என்று நினைத்தான். வெல்டன் அதோடு விட்டிருக்கலாம். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. துறை முழுக்கப் போய்ச் சொன்னான்.

"எதுக்குய்யா பெட்ரோலைக் கொளுத்திக்கிட்டு அங்க ஓடறீங்க? எங்க மச்சான் அதே விலைக்குத் தரான். கேரண்டியும் கைக்கெட்டின தூரத்துல."

வந்தார்கள். கூண்டு இறக்குவதற்குள் மூன்று பேர் வந்து அதே விலை கேட்டார்கள். முடியாது என்றால் வெல்டனுக்கு எப்படி முடிந்தது என்று கேட்பார்கள். கார்னெட் மறுபடி பாலம் தாண்டினான், பிறகும் தாண்டினான். பல வருடம் கழித்து அந்த அக்டோபரில்தான் கடையில் கூட்டம் இருந்தது. ஒவ்வொரு விற்பனையிலும் அவன் கொஞ்சம் கொஞ்சமாக முழுகிக்கொண்டிருந்தான். "கடை பழையபடி ஆயிடுச்சு போல" என்று நோரீன் சந்தோஷப்பட்டபோது, அவனால் அதையும் மறுக்க முடியவில்லை.

டிசம்பர் நடுவில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கடலில் வெல்டனின் ரேடார் அணைந்துபோனது. படகின் முன்முனைகூடத் தெரியாத பனி. வயர்லெஸ்ஸில் கத்தி, பக்கத்தில் இருந்த படகு விளக்கைக் காட்ட, அதன் வால் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தான். அடுத்த நாள் ரேடாரைக் கழற்றிக் கடை மேசையில் வைத்தான். 

"சீசன் முடிய இன்னும் ஒரு மாசம் இருக்கு மச்சான். புதுசு ஒண்ணு வாங்கிக் குடு, கேரண்டிதான் இருக்கே."

"கம்பெனிக்கு அனுப்பறேன். அதுவரைக்கும் இங்க பார்வைக்கு வெச்சிருக்கறதை மாட்டிக்கோ."

மாட்டிக்கொடுத்தான். பழுதானதை அனுப்பவில்லை. அனுப்பினால் அதில் பொறித்த நம்பரே எந்த நாட்டில் விற்றது என்று காட்டிக்கொடுத்துவிடும். மேய்ன் கடைக்கே கொண்டுபோனாலும் பில்லில் உள்ள அவன் பெயர் கம்பெனிக்குப் போய்விடும். இன்னொன்று வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றால் வங்கி கைவிரித்தது. நாளைக்கு, நாளன்றைக்கு என்று தள்ளிக்கொண்டே போனான். வெல்டனுக்குப் பொறுமை போய், பெட்டியில் இருந்த போன் நம்பரைப் பார்த்து நேராகக் கம்பெனிக்கே போன் செய்துவிட்டான்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் கடைக்கு வந்தவன், கதவைச் சாத்தினான். குரல் உயரவில்லை.

"இது மேய்ன்ல வித்ததாம். கேரண்டி அங்கதானாம். கருவியோட நம்பரைக் கேட்டுட்டு அந்தக் கம்பெனிப் பொண்ணு என்னைத்தான் கேக்கறா, நீங்க எங்க வாங்கினீங்கன்னு. உன் பேரைத்தான் சொன்னேன்."

கார்னெட் மேசையில் கிடந்த துணியை எடுத்து மடித்தான்.

"நான் போறேன்னு சொன்ன இடத்துக்குத்தானே நீயும் போயிருக்க? நான் போயிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும், கெட்டா யார்கிட்ட போகணும்னு. உன்னை நம்பித்தான் பனிக்குள்ள போனேன்."

"உனக்காகத்தான் வெல்டன்..."

"எனக்காகவா? உன் கடைக்காகவா?"

 இரண்டுக்கும்தான் என்று கார்னெட் சொல்லியிருக்கலாம். அது அப்போது சொல்கிற பேச்சாக இல்லை.

ஜானிஸ் அடுத்த வாரம் கூப்பிட்டாள். திட்டவில்லை. "ஏன் கார்னெட் இப்படி" என்று மட்டும் கேட்டாள். கம்பெனி அவனுக்குக் கொடுத்திருந்த ஏஜென்சியைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். மற்ற மூன்று பேருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஒருவர் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணம் கேட்டார், மற்ற இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். வெல்டன், கார்னெட் தற்காலிகமாக மாட்டிக்கொடுத்த ரேடாரைக் கழற்றிக் கடை வாசலில் வைத்துவிட்டு, பாலம் தாண்டிப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கிவந்தான். மாட்டுவதற்கு செயின்ட் ஜானிலிருந்து ஆள் வந்தான்.

நோரீன் சண்டை போடவில்லை. ஒருநாள் காலை பஸ் சாவியைத் தேடியபடியே, "என்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றாள். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாள் என்று அவன் கேட்டான். யோசித்தாள். "தெரியல," என்றாள். "போகாதேன்னு சொல்லியிருப்பேனான்னு கூடத் தெரியல." ஈஸ்டருக்கு அண்ணன் வீட்டுக்கு அவள் மட்டும் போனாள். சாப்பிட்டதும் திரும்பிவிட்டாள்.

ஏப்ரல் கடைசியில் கார்னெட் கடையை மூடினான். கட்டடத்தை வாங்கியவர்கள் கோடையில் வருகிறவர்களுக்குப் பாய்மரச் சிறுபடகு வாடகைக்கு விடப்போவதாகச் சொன்னார்கள். கார்னெட்டுக்கு சால்மன் பண்ணையில் வேலை கிடைத்தது. கடலில் நிறுத்திய மிதவையில் நின்று மீன்களுக்குத் தீவன மூட்டை பிரிக்கிற வேலை. தோள் வலித்தது. கூட இருந்தவர்களெல்லாம் சின்ன வயசுக்காரர்கள்.

ஜூன் மாதம் மூடுபனி இறங்கிய ஒரு காலையில் தீவனப் படகின் ரேடார் திரை கோடுகோடாக ஆனது. மேஸ்திரி மிதவைக்கு வந்து கேட்டான். "ஏம்ப்பா, நீ இதுல கில்லாடின்னு சொல்றாங்களே. கொஞ்சம் பாரேன்."

நின்ற இடத்திலிருந்தே திரை தெரிந்தது. எந்த இணைப்பில் ஈரம் ஏறியிருக்கிறது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

"நான் இல்ல," என்றான் கார்னெட். "வேற யாரையோ சொல்லியிருப்பாங்க."

மேஸ்திரி போனபிறகு அடுத்த மூட்டையின் வாயைக் கத்தியால் கிழித்தான்.