மகளின் டிபன் டப்பா

என் மனைவியைப் பார்த்துத்தான் எனக்கு வயிற்றெரிச்சல். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். பெற்ற பெண்ணைப் பறிகொடுத்த இருவரில் ஒருத்தி மட்டும் எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டாள். இன்னொருவன் கிடந்த இடத்திலேயே கிடக்கிறான். எரியாமல் என்ன செய்யும்?

எங்கள் ஒரே மகள் சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு, ஆபீஸில் அவளுக்குப் பக்கத்து சீட்டில் இருந்த தோழி சேலையூரில் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். மேஜையில் கிடந்த மகளின் டிபன் டப்பாவைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தாள். நான் அதை வாங்கி பீரோவில் பூட்டி வைத்திருப்பேன். என் மனைவியோ, அந்தப் பெண் கிளம்பும்போது அதிலேயே எலுமிச்சை சாதம் வைத்துக் கொடுத்தனுப்பினாள்.

அடுத்த ஞாயிறு டப்பா திரும்பி வந்தது. சாப்பாடு வந்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்பக் கூடாதே, அதனால் உள்ளே கொய்யாப்பழம். பழம் வந்த டப்பாவை நாங்கள் மட்டும் வெறுமனே அனுப்ப முடியுமா? அதற்கடுத்த ஞாயிறு புளியோதரை போனது. அப்புறம் அது நின்றபாடில்லை. நாவலூர் ஹாஸ்டலில் அந்தத் தோழியோடு தங்கியிருந்த இன்னும் இரண்டு பெண்களும் ஒட்டிக்கொண்டார்கள். ஞாயிறு மதியம் எங்கள் சமையலறையில் ஒரே சிரிப்பு. ஆன்ட்டி என்று ஆரம்பித்தவர்கள் எப்போதோ அம்மா என்று கூப்பிடப் பழகியிருந்தார்கள். நான் அங்கிளாகவே இருந்தேன். உள் அறையில் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, இவளுக்கு மட்டும் எப்படி முடிகிறது என்று பொருமிக்கொண்டிருப்பேன். சேர்ந்து அழவாவது ஒருத்தி இருந்தாள், அவளும் போய்விட்டாள் என்றிருந்தது.

ஒரு ஞாயிறு காலை அவள் டப்பாவைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"அது என் பொண்ணோட டப்பா. ஊருக்கெல்லாம் தூக்கிக் குடுக்காதே."

அவள் குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள்.

"உங்களுக்கு அந்த பைக் இருக்கு. டெய்லி கேம்ப் ரோட்ல கம்பெனி பஸ்லேர்ந்து இறங்கி, உங்க பின்னாடி உக்காந்து எல்லாத்தையும் கொட்டிடுவா. வீட்டுக்குள்ள வந்தா, 'பசிக்குதும்மா', அவ்ளோதான். எனக்குன்னு இருந்தது இந்த டப்பா ஒண்ணுதான். எனக்கு எவ்ளோ வயித்தெரிச்சல் தெரியுமா?"

வயிற்றெரிச்சல் என் தனிச்சொத்து என்றல்லவா இருந்தேன்!

"அப்படி என்னதான் பேசுவா?" என்று கேட்டாள். குரல் இறங்கியிருந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், கொடுக்க மனம் வரவில்லை. என்னிடம் மிச்சமிருந்தது அந்தப் பேச்சு மட்டும்தான். கஞ்சத்தனத்தோடு ஒன்றே ஒன்றை எடுத்தேன்.

"நீ வெச்சுக் குடுத்த பாகற்காயை ஒரு நாள்கூட அவ தின்னதில்லை. பக்கத்து சீட்டுப் பொண்ணு தலையில கட்டிடுவா. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு ரெண்டு பேருக்கும் ஒப்பந்தமாம்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு, "திருட்டுக் கழுதை!" என்றாள். "நல்லா இருந்துச்சும்மான்னு தினம் சொல்லுவாளே!"

"புளுகுணி" என்றேன் நானும். மகள் போன நாளிலிருந்து தங்கம், தெய்வம் என்று மட்டுமே பேசிக்கொண்டிருந்தோம். அவளைத் திட்டியது அன்றுதான். திட்டத் திட்ட என் மனைவிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எனக்கும்தான்.

மதியம் காலிங்பெல் அடித்ததும் நான் போய்க் கதவைத் திறந்தேன். அந்தப் பக்கத்து சீட்டுப் பெண்தான். என்னை வாசலில் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினாள்.

"பாகற்காய் பொரியல் நல்லா இருக்குமாம்மா?" என்று கேட்டேன்.

அவளுக்குப் புரியச் சற்று நேரமானது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சொல்லிட்டாளா அங்கிள்? யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னாளே!"