கோழி லாரி நின்ற மத்தியானம்

போன வாரம் உக்கடம் சிக்னலில் எனக்கு முன்னால் ஒரு கோழி லாரி நின்றிருந்தது. பச்சை விழுந்து அது கிளம்பியதும் வெள்ளை இறகு ஒன்று மிதந்து வந்து என் ஸ்கூட்டர் கண்ணாடியில் ஒட்டியது. கூடவே அந்த வாசம். பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான், சொன்னால் சிரிப்பீர்கள், கொஞ்சம் ஆழமாகவே இழுத்துக்கொண்டேன்.

இருபத்து மூன்று வயதில் என் சட்டையெல்லாம் அந்த வாசம்தான். பண்ணைகளில் பிராய்லர் கோழி ஏற்றி, அறுக்கிற ஆலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். பெண் பார்க்கப் போன வீட்டில் அப்பா 'உணவுத் துறை' என்று சொல்லிவைத்திருந்தார். டவுன் பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலியாகவே வரும்.

லாரி ஓட்டியவர் கோட்டைமேட்டு பாய் ஒருவர். நிறுத்தினால் காற்றில்லாமல் கோழி வெக்கையில் செத்துவிடும் என்று டீக்குக்கூட நிறுத்தமாட்டார். மேற்கே மலை நீலமாகக் கூடவே வரும். பின்னால் கோழிகள் கண்ணை மூடிக்கொள்ளும், முன்னால் நானும்.

"தம்பி, உங்களுக்கும் ஒரு கூண்டு ஒதுக்கிப்போடட்டுங்களா?" என்பார் பாய்.

ஒரு சித்திரை மத்தியானம் ஆனைமலைப் பக்கம் லோடு ஏற்றி வந்தோம். கோவில்பாளையம் தாண்டியதும் இன்ஜினில் ஃபேன் பெல்ட் அறுந்துவிட்டது. பாய் லாரியைப் புளியமரத்தடிக்கு உருட்டி நிறுத்தினார்.

"கிணத்துக்கடவு போயி பெல்ட்டு வாங்கியாறேனுங்க. இதுகளப் பாத்துக்குங்க" என்று பஸ் ஏறிவிட்டார்.

எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லவில்லை. ஆயிரத்துச் சொச்சம் கோழிகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. ஓரத்தில் ஒன்று தலையைச் சாய்த்தது. கையிலிருந்த கணக்கு நோட்டால் அதற்கு விசிறினேன். அதற்குள் பக்கத்துக் கூண்டில் இரண்டு சாய்ந்தன. அங்கே ஓடினேன்.

"ஏனுங் தம்பி, தனியா நின்னு ஆருக்கு விசிறறீங்க?"

ரோட்டோரத் தென்னந்தோப்புக்கார அக்கா, தலையில் துண்டு கட்டியிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கூண்டுகளை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். தோப்புக்குள் போனார். திரும்பி வரும்போது கறுப்பு ஓஸ் குழாய் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தார்.

"மோட்டாருக்குக் கரண்டு இன்னும் ஒரு மணி நேரந்தான் இருக்குது. சீக்கிரம் புடிங்க."

"தென்னைக்குங்க்கா?"

"அது நாளைக்குக் குடிச்சுக்கும்."

தண்ணீர் பட்டதும் அத்தனை கோழிகளும் ஒரே நேரத்தில் சிலிர்த்தன. கம்பியில் வழிந்த துளிகளை அலகை உயர்த்தி உயர்த்திக் குடித்தன. வெயிலில் தூவானம் மினுங்கியது; இறகுகள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தன. நானும் தொப்பலாக நனைந்திருந்தேன். ரோட்டில் வண்டிகள் போனது எதுவும் என் காதில் விழவில்லை.

"இதுகெல்லாம் எங்கீங்க போகுது?" என்றார் அக்கா.

"அறுக்கறக்குங்க்கா. இன்னிக்குச் சாயங்காலமே."

ஓஸைத் தாழ்த்தினார். மோட்டாரை நிறுத்தப் போகிறார் என்று நினைத்தேன். மேல் வரிசைக்குத் தண்ணீர் எட்டவில்லை என்று ஒரு கல்லின்மேல் ஏறி நின்று பீய்ச்சினார்.

"போறது போகுட்டும் கண்ணு. தாகத்தோட போக வேண்டாம்."

பாய் வந்து பார்த்தபோது பத்துப் பன்னிரண்டு கோழிகள்தான் செத்திருந்தன. "நல்லா இருக்கோணும் அம்மணி" என்று கும்பிட்டார்.

ஆலையில் இறக்கும்போது சிறகுகளில் இன்னும் ஈரம் இருந்தது. வழக்கமாக உள்ளேயே நிற்பவன், அன்று கேட்டுக்கு வெளியே வந்து நின்றுகொண்டேன். அடுத்த மாசம் வேலையை விட்டேன். வீட்டில் காரணம் கேட்டபோது, வாசம் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். எல்லோரும் நம்பினார்கள்.

பாய் இப்போது இல்லை. பொள்ளாச்சி ரோட்டை அகலப்படுத்தியபோது புளியமரங்களும் போயின. தோப்பிருந்த இடம் என்று நான் நினைக்கிற இடத்தில் வீட்டு மனைக்குச் சைட் பிரித்துக் கல் நட்டிருக்கிறார்கள். ஒருநாள் இறங்கி, அங்கே தகரக் கொட்டகை ஆபீஸில் இருந்தவரிடம் விசாரித்தேன்.

"ஆரைங்க பாக்கோணும்? பேரு சொல்லுங்க" என்றார்.

அந்த அக்காவிடம் நான் பெயர் கேட்டிருக்கவில்லை.