முதல் கூழ் அசலூர்க்காரிக்கு

மூன்று வருஷத்துக்கு முன்னால், வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு கிராமத்துக்கு நர்ஸாக மாறுதலாகிப் போனேன். எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். கணவர் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, பிள்ளைகள் கிடையாது. குவார்ட்டர்ஸ் ஊர்க்கடைசியில். அதைத் தாண்டினால் மக்காச்சோளக் காடும் எல்லையம்மன் கோயிலும்தான்.

பகல் முழுக்க ஆள் வரும். மாத்திரையை வாங்கியதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வந்த புதிதில் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டார்கள். சொன்னதும் “அய்யோ பாவம்” என்றார்கள். அதோடு சரி. நானும் லேசுப்பட்டவள் இல்லை, முகத்தை உம்மென்றுதான் வைத்திருப்பேன். ஒருத்திக்காகச் சோறு வடிக்கப் பிடிக்காமல் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுத்த நாள் நிறைய. அடுத்த இடமாறுதல் கவுன்சலிங்கில் இந்த ஊரைவிட்டு ஓடிவிட வேண்டும், அது ஒன்றுதான் மனதில்.

ஆடி மாதம் அந்தக் கோயில் பூசாரியின் மனைவி வந்தார்.

“நர்ஸம்மா, வர்ற வெள்ளிக்கெழம அம்மனுக்குக் கூழு ஊத்துறோம். மொதக் கூழு நீங்கதான் வாங்கிக் குடிக்கணும்.”

எனக்கா! “நான் தாலி இல்லாதவளாச்சேம்மா” என்றேன்.

“அதெல்லாம் பாக்குறதில்லீங்க. அசலூரு பொம்பளையா இருக்கணும், அவ்வளவுதான்.”

பிறகுதான் கதையைச் சொன்னார். பஞ்ச காலத்தில் மலைப் பக்கமிருந்து ஒரு பெண் தன்னந்தனியாக வந்து வீடு வீடாகத் தண்ணீர் கேட்டாளாம். காலரா கொண்டுவருகிறாளோ என்று பயந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. எல்லையில் வேப்பமரத்தடியில் போய்ப் படுத்தவள், மாடு திருட வந்த கூட்டத்தைப் பார்த்துக் கூச்சல் போட்டு ஊரை எழுப்பியிருக்கிறாள். விடிந்து பார்த்தால் வெட்டுப்பட்டுச் செத்துக் கிடந்தாளாம். அவளைத்தான் அம்மனாக வைத்துக் கும்பிடுகிறார்கள். சிலை ஊருக்கு முதுகைக் காட்டி வெளியே பார்த்திருக்கும். காவல் காக்கிறாள் என்பார்கள். எனக்கென்னவோ, கோபித்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் தோன்றும்.

வெள்ளிக்கிழமை என்னை மணையில் உட்காரவைத்து, சொம்பில் கூழ் ஊற்றி, “தாயே, மனசு குளுந்து குடிம்மா” என்று எல்லாரும் காலில் விழுந்தார்கள். குடித்தேன். சாயங்காலம் திரும்பி வந்து கதவைத் திறந்தால் அதே வெற்று வீடு. அசலூரு, அசலூரு என்று அந்த ஒரு சொல்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் பூசாரி மனைவி மாத்திரைக்கு வந்தபோது அடக்க முடியவில்லை. “செத்த பெறகு கோயில் கட்டினீங்க. உசிரோட இருந்தப்ப ஒரு வாய் தண்ணி குடுக்கலையே!” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவர் மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஆனால் அதற்கப்புறம் வந்தால் உடனே கிளம்பமாட்டார். வாசற்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்.

மறு வருஷம் ஆடியில் என்னைக் கூப்பிட யாரும் வரவில்லை. இதற்கும் லாயக்கில்லாமல் போய்விட்டோமா என்று அழுகையாக வந்தது. வீம்பாக வீட்டிலேயே இருந்துவிட நினைத்தேன். பம்பைச் சத்தம் கேட்டதும் கால் நிற்கவில்லை. போய்ப் பார்த்தால், குரும்பலூரிலிருந்து வளையல் விற்க வந்த ஒரு அம்மா மணையில் உட்கார்ந்திருந்தார். நான் கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். பூசாரி மனைவி பார்த்துவிட்டார்.

“அங்க என்னா ஒளிஞ்சிக்கிட்டு நிக்கிறீங்க? ஊர்க்காரங்க நாமதானே ஊத்தணும். வாங்க, இதப் புடிங்க!” என்று கூழ் அகப்பையை என் கையில் திணித்தார்.

நான் அவசரமாகச் சாய்த்ததில் பாதிக் கூழ் அந்த அம்மாவின் புடவையில் கொட்டிவிட்டது. “போச்சு, வளையக்காரம்மா சீல போச்சு!” என்று யாரோ கத்த, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

கவுன்சலிங்குக்கு நான் போகவில்லை. இன்றும் அந்தக் கோயிலைத் தாண்டும்போதெல்லாம், வீடு வீடாகத் தண்ணீர் கேட்ட அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது தண்ணீர் மட்டும்தானா என்று நினைத்துக்கொள்கிறேன்.