எழுபத்தைந்து கிலோ

சென்னையில் விமானிப் பயிற்சிப் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். போர்ட்பிளேரிலிருந்து நைனா பாயின் மனைவி பாத்திமா அழைத்தார். "அவுக நம்மள விட்டுட்டுப் போயிட்டாக தேவி. சுபுஹு தொழுதுட்டுச் சாஞ்சவுக எந்திரிக்கல. சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பொறகு அடக்கம். எடுக்குறதுக்குள்ள வந்து மொகத்தப் பாத்துரு."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. போன வாரம் லீவில் ஊருக்குப் போகும்போதுகூட, "நான் வர்றதுக்குள்ள என் கிளாஸ் பசங்களுக்குத் தப்புத் தப்பாச் சொல்லிக் குடுத்துடாதே" என்று என்னை வம்புக்கு இழுத்துவிட்டுப் போன மனிதர். சொல்லாமல் கொள்ளாமல் இப்படியா போவது?

கேப்டன் நைனா முகம்மதுவை இதைப் படிக்கும் உங்களில் சிலர் சக விமானியாக அறிவீர்கள். பலர் அவரிடம் விமான வழிகாட்டலும் பயணத் திட்டமும் படித்தவர்கள். எனக்கு அவர் நைனா பாய். அபர்டீன் பஜாரில் அவருடைய வாப்பாவுக்குக் குடைக்கடை. என் அப்பா அரசு ஊழியர், டெலானிபூர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர், தீவை விட்டு மெயின்லேண்டுக்கு நான் விமானிப் பயிற்சிக்குப் போனபோது என்னுடனேயே வந்து சேர்ந்தார். நடுவில் இரண்டு வருஷம் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "குடை வித்தேன்" என்பார்.

பயிற்சியில் ஒருநாள் எடைக் கணக்கு நடத்தினார்கள். விமானத்தில் ஏறும் ஒவ்வொருவரையும் தராசில் நிறுத்த முடியாது. அதனால் பெரியவர் ஒருவருக்கு எழுபத்தைந்து கிலோ என்று வைத்துக்கொள்வது வழக்கம். நைனா பாய் எழுந்து, "சார், நான் தொண்ணூத்தஞ்சு" என்றார். கணக்கில் நீயும் எழுபத்தைந்துதான் என்றார் ஆசிரியர். உடனே இவர் வயிற்றைத் தடவிக்கொண்டு, "அப்ப இன்னிக்கு ரெண்டு பிரியாணி" என்றார். வகுப்பே சிரித்தது. அந்தக் கணக்கு எனக்கு வேறுவிதமாகப் புரிய இன்னும் பல வருஷம் ஆனது.

அதற்குள் இருவரும் கேப்டன்கள் ஆகியிருந்தோம். மழைக்காலம். அவருடைய வாப்பா மௌத்தாகிவிட்டார் என்று தகவல் வந்தபோது அவர் சென்னையில் இருந்தார். கிடைத்த முதல் விமானத்தில் ஏறினார். அதை ஓட்டியது நான். மகன் வந்து மண் போட வேண்டும் என்று அங்கே எல்லோரும் காத்திருந்தார்கள்.

தீவுக்கு மேலே போய்விட்டோம். கீழே ஒன்றும் தெரியவில்லை, மேகம் அப்படி அடைத்துக்கொண்டிருந்தது. நம் ஊர் ஓடுபாதையின் ஒரு முனையில் மலை. பார்வை சரியாகக் கிடைக்காமல் இறங்குவது நடக்காத காரியம். பக்கத்தில் போய் இறங்க வேறு விமான நிலையமும் கிடையாது, கடல் தாண்டி மெயின்லேண்டுக்கே திரும்ப வேண்டும். அதற்கான எரிபொருளைத் தொடக்கூடாத கையிருப்பாக வைத்துக்கொண்டு, மிச்சம் இருக்கும் வரைக்கும் வட்டமடிக்கலாம். வட்டமடித்தேன். மிச்சம் கரைந்துகொண்டே வந்தது. இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரே ஒரு சுற்று என்று மனசு கெஞ்சியது. முதல் வரிசையில் நைனா பாய் உட்கார்ந்திருக்கிறார் என்பதைத் தவிர என் தலையில் வேறொன்றும் இல்லை.

அப்போது பணிப்பெண் இன்டர்காமில் அழைத்துப் பேசினாள். "மேடம், முன்னாடி இருக்கற கேப்டன் உங்ககிட்ட சொல்லச் சொன்னார். அவர் எழுபத்தஞ்சு கிலோதானாம்."

வேறு ஒரு வார்த்தை இல்லை. எனக்கு மட்டும் விளங்கியது. விமானத்தைச் சென்னைக்குத் திருப்பினேன்.

சென்னையில் இறங்கியதும் எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. அவரே இரண்டு கோப்பை டீயோடு வந்தார். "அரே தேவி, டென்ஷன் மத் லே, விடு" என்றார். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "வாப்பாவுக்கு மழைன்னா உசிரு. ராத்திரி கடை சாத்தினப்புறம் யாராச்சும் குடை கேட்டு வந்தாக்கூட மறுபடி ஷட்டரைத் தூக்குவாரு. இன்னிக்கு நல்ல மழை பாரு" என்றார். அப்புறம்தான் அழுதார். நானும் அழுதேன். அவர் இல்லாமலேதான் அன்று அவருடைய வாப்பாவை அடக்கம் செய்தார்கள்.

இதயக் கோளாறால் மருத்துவச் சான்று கிடைக்காமல் போய், அவர் பறப்பதை விட்டு வகுப்பெடுக்க வந்தார். அவருடைய வகுப்பு ஒரு தினுசு. அங்கே பாடம் நடத்தும் என்னைப் போன்ற மற்றவர்கள் எரிபொருள், எதிர்க்காற்று, தூரம் என்று மூன்றையும் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்வோம். இவர் பயணிகளையும் கொடுப்பார். "விமானத்துல ஒரு மாப்பிள்ளை இருக்கான். டெலானிபூர்ல கல்யாணம், பொண்ணு மேடையில உக்காந்தாச்சு. இன்னொருத்தனுக்காக அவங்கம்மா மாயாபந்தர்லேர்ந்து பஸ் புடிச்சு வந்து ஏர்போர்ட் வாசல்ல நிக்கிறாங்க. கீழ மழை. எவ்ளோ நேரம் சுத்துவ?"

ஒரு பையன் மனசு இளகி, மாப்பிள்ளைக்காக ஐந்து நிமிஷம் கூடப் போட்டுவிட்டான்.

"மாப்பிள்ளைக்கு என்ன எடை போட்ட?"

"எழுபத்தஞ்சு கிலோ சார்."

"அவ்வளவுதான் அவன். கல்யாணத்துக்கு எடை கிடையாது." பையன் முகம் வாடியதும் இவர் குரல் தணிந்தது. "கீழ வந்து அவன் தோள்ல கை போட்டு சாரி சொல்லு. அழணும்னா கூட நின்னு அழு. எல்லாம் கதவு திறந்தப்புறம்."

யாராவது, "எப்படியாவது இறங்கிடலாம் சார்" என்றால் மட்டும் மனிதருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். சாக்பீஸ் பறக்கும். "எப்படியாவதுன்னு ஒரு ப்ரொசீஜர் எந்தப் புத்தகத்துல இருக்கு? எடுத்துக் காட்டு!" வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் இதைப் படித்துச் சிரிப்பீர்கள்.

பாத்திமா அழைத்த அன்று எனக்கும் முதல் வரிசையில்தான் இடம் கிடைத்தது. கேப்டன் யாரென்று பார்த்தால், ப்ரீத்தி. நைனா பாயின் மாணவி. கண் சிவந்திருந்தது. "என்னால அங்க எறங்கி வீட்டுக்கு வர முடியாது மேடம், அதே பிளேன்ல உடனே திரும்பணும். எனக்கும் சேர்த்து சார் முகத்தப் பாத்துட்டு வாங்க. உங்கள எப்படியாவது கொண்டுபோய்ச் சேர்த்துடறேன்" என்றாள். அந்த 'எப்படியாவது' எனக்குச் சுருக்கென்றது. அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

தீவை நெருங்கியதும் இறக்கை ஒரு பக்கம் சாய்ந்தது. நிமிர்ந்து, மறுபடி அதே பக்கம் சாய்ந்தது. வட்டமடிக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. அதற்குக் கீழே எங்கோ அவரைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருப்பார்கள். அஸருக்கு இன்னும் நேரம் இருந்தது. இறங்கி ஒரு ஆட்டோ பிடித்தால் போதும். என் ஆயுசில் அப்படி ஒரு ஆசை எனக்கு வந்ததில்லை. மேகம் ஒரு ஓட்டை விடாதா என்று, இத்தனை வருஷம் விமானம் ஓட்டிய நான், கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். ப்ரீத்திக்கு உள்ளே என்ன ஓடும் என்று எனக்குத் தெரியும். அவள் கணக்கில் இப்போது நான் ஏறி உட்கார்ந்திருக்கிறேன்.

பணிப்பெண்ணைக் கூப்பிட்டேன். "கேப்டன்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லும்மா. தேவி மேடம் எழுபத்தஞ்சு கிலோதான்னு சொல்லு."

அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் இறக்கை நிமிர்ந்தது. வெயில் இடம் மாறி என் மடியில் விழுந்தது. பிசிறில்லாத குரலில் ப்ரீத்தி அறிவித்தாள், சென்னைக்குத் திரும்புகிறோம் என்று. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

சென்னையில் கதவு திறந்து எல்லோரும் இறங்கும் வரை அவள் காத்திருந்தாள். பிறகு வந்து என் தோளில் கை போட்டாள். "சாரி மேடம்" என்றாள். நாங்கள் நின்று அழுதோம்.

மறுநாள் போய்ச் சேர்ந்தேன். பாத்திமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிளேன் திரும்பிருச்சுன்னு சொன்னாக. அவுககிட்ட படிச்ச புள்ளதானே ஓட்டுச்சு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப சரி" என்றார்.

நைனா பாயின் முகத்தைக் கடைசியாக நான் பார்க்கவில்லை. எனக்கு மிஞ்சியது அவருடைய கணக்குதான். இப்போது அவருடைய வகுப்பையும் நான்தான் எடுக்கிறேன். முதல் நாள் பழைய கணக்கையே கொடுத்தேன், ஒரு பயணியை மட்டும் கூடச் சேர்த்து. உயிர்ச் சிநேகிதரின் முகத்தைப் பார்க்கப் போகும் ஒரு அம்மா. எல்லோரும் சரியாகப் போட்டார்கள், யாரும் ஒரு நிமிஷம்கூட அதிகம் கொடுக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் ஒரு பெண் மட்டும் தயங்கி நின்றாள்.

"அந்தம்மா கடைசியில முகத்தப் பாத்தாங்களா மேடம்?"

"பாக்கலம்மா. பைலட் நல்ல பைலட்."